மடியில் விட்ட ஓணான்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்ட கதையால்லா இருக்கு" என்று என் அம்மா அடிக்கடி சொல்லுவாள். வம்பை விலைக்கு வாங்குகிற எல்லாரையும் பார்த்துச் சொல்லுவாள். 33 வருடம் ஆசிரியையாக இருந்து நானும் இந்தப் பழமொழியை வாக்கியத்தில் அமைத்து எழுதச் சொல்லியிருக்கிறேன். ஆனால் நிஜமாகவே ஒரு பிள்ளை ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு, அதன் முதுகைத் தடவிக்கொண்டே தொலைக்காட்சி பார்ப்பதை என் 65-வது வயதில்தான் பார்த்தேன். அதுவும் மெல்போர்னில். அந்தப் பிள்ளை என் சொந்தப் பேத்தி.

போன வருடம் ஏப்ரல் கடைசியில் மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக அங்கே போனேன். மாப்பிள்ளை விமான நிலையத்திலேயே, "அத்தை, வீட்டுல இன்னொரு ஆளும் இருக்கான், பயப்படாதீங்க" என்றார். வாடகைக்கு யாரையாவது வைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். வரவேற்பறையில் நாலடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே ஒரு மரக்கட்டை. கட்டை மேல், ஒரு முழத்துக்கும் கொஞ்சம் கூடுதலான நீளத்தில், தாடை எல்லாம் முள்ளாக, பொன்னிறத்தில் ஒருவர் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் பஜ்ஜி. நிறத்தையும் சொரசொரப்பையும் பார்த்துப் பேத்தி வைத்த பெயர்.

ஆங்கிலத்தில் பியர்டட் டிராகன் என்கிறார்கள். நான் தாடி ஓணான் என்றேன். அது தப்பில்லை. நம் வேலி ஓணானும் இதுவும் ஒரே குடும்பம்தான். இதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் உட்பகுதி. வறண்ட புதர்க்காடும் செம்மண்ணும். பயந்தாலோ கோபம் வந்தாலோ தாடையை உப்பிக் கறுப்பாக்கிக்கொள்ளும். அதுதான் தாடி. தன்னைவிடப் பெரியவரைப் பார்த்தால் ஒரு முன்காலைத் தூக்கி மெதுவாகச் சுழற்றும். "நான் சண்டைக்கு வரலை" என்று அதற்கு அர்த்தமாம். உச்சந்தலையில் மூன்றாவது கண் ஒன்று உண்டு. அதால் உருவம் பார்க்க முடியாது. வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். மேலிருந்து பருந்து வந்தால் அந்த நிழல் போதுமே!

எனக்கு முதலில் அருவருப்புதான். மறைப்பானேன்? எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். சின்ன வயதில் பையன்கள் ஈர்க்குச்சியில் சுருக்குப் போட்டு ஓணான் பிடிப்பார்கள். ராமருக்கு அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரத்தைக் கொடுத்தது, அதனால் அடிக்கலாம் என்று ஒரு கதையும் வைத்திருப்பார்கள். அப்படி அடிபட்டுக் கிடந்ததை எத்தனையோ நாள் தாண்டிப் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். ஒருநாள்கூட ஐயோ என்று நின்றதில்லை.

மே முதல் வாரத்தில் பஜ்ஜி சாப்பாட்டைக் குறைத்தான். கரப்பான், வெட்டுக்கிளி என்றால் பாய்ந்து வருகிறவன், முகத்தைத் திருப்பிக்கொண்டான். விளக்குச் சூட்டில் உட்காராமல், தொட்டியின் குளிர்ந்த மூலையில் மரப்பட்டைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். எனக்குப் பதற்றம். மகளோ நிறைமாதம். "ஏதோ சீக்கு வந்திருக்குட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றேன்.

"சீக்கு இல்லம்மா, குளிர்காலம் வருதுல்ல, தூங்கப் போறான்" என்றாள் மகள்.

அங்கே நமக்கு நேர்மாறு. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் குளிர்காலம். சாயங்காலம் ஐந்தே காலுக்குள் சூரியன் மறைந்துவிடும். காலையில் ஏழரைக்குத்தான் எட்டிப் பார்க்கும். வீட்டுக்குள் விளக்கும் சூடும் இருந்தாலும், பகல் சுருங்குவது இந்தப் பிராணிக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. இந்த உறக்கத்துக்கு புருமேஷன் என்று பெயர். பாலூட்டிகளின் குளிருறக்கம் போலத்தான், ஆனால் அவ்வளவு ஆழ்ந்தது இல்லை. இடையிடையே கண்ணைத் திறக்கும், தண்ணீர் குடிக்கும், மறுபடியும் படுத்துக்கொள்ளும். சில ஓணான்கள் சில வாரம், சில மூன்று மாதம்வரை. சில தூங்குவதே இல்லையாம். "குளிருறக்கம் என்றால் என்ன? இரண்டு எடுத்துக்காட்டு தருக" என்று எத்தனை பரீட்சையில் இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்டிருப்பேன்! ஒரு உறக்கத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை.

தூங்க விடுவதற்கு முன் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். நானும் போனேன். எச்சத்தைப் பரிசோதித்து, குடலில் ஒட்டுண்ணி இல்லை என்று பார்த்தார். அது முக்கியமாம். நோய் இருக்கும் உடம்போடு மூன்று மாதம் படுத்தால் எழுந்திருக்காமலே போகலாம். ஒரு வயது ஆகாத குட்டியையும் தூங்க விடக்கூடாதாம். பஜ்ஜிக்கு மூன்று வயது, எடை 410 கிராம். "தாராளமாகத் தூங்கலாம். ஆனால் வயிறு காலியாக இருக்க வேண்டும்" என்றார். மே நடுவில் சாப்பாட்டை நிறுத்தி, சூட்டு விளக்கை மட்டும் பத்து நாள் வழக்கம்போல எரிய விட்டு, உள்ளே இருப்பது எல்லாம் வெளியேறிய பிறகு, விளக்கு நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னார். வாரம் ஒருமுறை எடை பார்க்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் உடனே வர வேண்டும்.

பேத்திக்கு வயது ஒன்பது. அவளுக்குச் சதவீதம் இன்னும் நடத்தவில்லை. எனக்குக் கை பரபரத்தது. "410-ல பத்து சதவீதம் எவ்வளவுட்டி?" என்று உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். 41 கிராம். அப்படியென்றால் 369. அந்த எண்ணை ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பில் எழுதி வட்டம் போட்டாள். ஓய்வு பெற்ற பிறகு நான் எடுத்த முதல் கணக்குப் பாடம் அதுதான். ஒரே மாணவி, கரும்பலகை கூட இல்லை.

ஜூன் முதல் வாரத்தில் விளக்கு முழுதாக அணைந்தது. பஜ்ஜி மரப்பட்டைக்கு அடியில் தட்டையாகப் படுத்துவிட்டான். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். அவ்வளவுதான்.

ஜூன் நடுவில் மகளுக்கு வலி எடுத்தது. அறுவைச் சிகிச்சை, பேரன் பிறந்தான். மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில். நாலு நாள் வீட்டில் நானும் பேத்தியும் மட்டும்.

தப்பு நடந்தது இரண்டாவது நாள்.

பேத்தி பள்ளிக்கூடம் போய்விட்டாள். மழையும் மேகமுமாக இருந்த ஊரில் அன்றைக்குப் பார்த்து நல்ல வெயில். ஜன்னல் வழியாகத் தொட்டி மேல் நேராக விழுந்தது. மத்தியானம் பார்க்கிறேன், பஜ்ஜி பட்டைக்கு அடியிலிருந்து வெளியே வந்து, கண்ணைத் திறந்து, தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒரு மாதமாகப் பட்டினி. மகளையும் பார்க்க முடியாமல், பேரனையும் தூக்க முடியாமல் இருந்த எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. யாருக்காவது எதையாவது ஊட்டியே ஆக வேண்டும் போல இருந்தது. பரங்கிக்காயைத் துருவினேன். டப்பாவில் மிச்சம் இருந்த கரப்பான்களை இடுக்கியில் பிடித்து நீட்டினேன். முதலில் பார்த்தான். பிறகு நாக்கை நீட்டி எடுத்துக்கொண்டான். நாலு. கொஞ்சம் பரங்கிக்காய். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

சாயங்காலம் பேத்தி வந்ததும் பெருமையாகச் சொன்னேன். "உன் பஜ்ஜி இன்னைக்கு சாப்பிட்டான், தெரியுமா!"

அவள் பையைக் கழற்றவே இல்லை. "எத்தனை ஆச்சி? எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள். குரல் மாறிவிட்டது. தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். வெயில் போய்விட்டது. பஜ்ஜி சில்லென்று கிடந்தான். அவள் அழ ஆரம்பித்தாள்.

விஷயம் இதுதான். நம் உடம்பு எப்போதும் 37 டிகிரியில் இருக்கிறது. அடுப்பு நமக்கு உள்ளேயே எரிகிறது. ஓணானுக்கு அடுப்பு வெளியே இருக்கிறது. சுமார் 40 டிகிரி சூட்டில் உட்கார்ந்து எழுந்தால்தான் அதற்குச் செரிக்கும். குளிரில் வயிற்றுக்குள் போனது செரிக்காமல் அப்படியே கிடந்து அழுகும். அது உயிருக்கே ஆபத்து. அடுப்பை அணைத்துவிட்டு உலையில் அரிசியைப் போட்டுவிட்டேன் நான்.

இதை மருத்துவர் மே மாதமே சொன்னார். நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். பேத்தி நோட்டில் எழுதியும் வைத்திருந்தாள். நான்தான் படிக்கவில்லை. பிள்ளைகளை "கவனிச்சியா, கவனிச்சியா" என்று 33 வருடம் கேட்ட வாத்தியாரம்மா!

மாப்பிள்ளைக்குப் போன் போட்டோம். அவர் மருத்துவரிடம் பேசிவிட்டுக் கூப்பிட்டார். "அத்தை, பதறாதீங்க. விளக்கு எல்லாத்தையும் மறுபடி போடணும். கோடைகாலம் மாதிரி. தினமும் வெதுவெதுப்பான தண்ணியில பத்து நிமிஷம் உட்கார வைக்கணும். எச்சம் போற வரைக்கும் அப்படியே இருக்கட்டும். வயிறு உப்பினாலோ, ஒரு வாரத்துக்குள்ள போகலைன்னாலோ தூக்கிட்டு வரச் சொன்னாங்க." ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை அவர். பேசியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அன்று ராத்திரி பேத்தி என் பக்கத்தில் படுக்கவில்லை. தலையணையைத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டிக்குப் பக்கத்தில் சோபாவில் படுத்தாள். நான் கிட்டே போனபோது, "ஏன் ஆச்சி என்கிட்ட கேக்கலை?" என்றாள். அது மட்டும்தான். என்னிடம் பதில் இல்லை. கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கேட்க வேண்டும் என்று எந்தப் பெரியவருக்குத் தோன்றுகிறது?

மறுநாளிலிருந்து அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன். காலையில் விளக்கு. கட்டை மேல் சூடு எத்தனை என்று வெப்பமானியில் பார்ப்பது. மாலையில் சின்ன தொட்டியில் அவன் தோள் அளவுக்குத் தண்ணீர். என் முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, பேரனுக்குப் பார்க்கப்போவது போலவே. முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் இல்லை. மூன்றாம் நாள் மகளும் குழந்தையும் வீட்டுக்கு வந்தார்கள். ஆரத்தி எடுக்கும்போதுகூட என் கண் தொட்டிப் பக்கம்தான். மகளுக்கு விஷயம் தெரிந்ததும், "நீ என்னையும் இப்படித்தாம்மா, பசிக்கலைன்னாலும் விடமாட்டே" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம், தண்ணீரில் உட்கார்ந்திருக்கும்போதே, பஜ்ஜி காரியத்தை முடித்தான். பேத்தி போட்ட கூச்சலில் கைக்குழந்தை விழித்துக்கொண்டது. வீட்டில் அத்தனை பேரும் கை தட்டினோம். ஒரு ஓணானின் எச்சத்தைப் பார்த்து நான் "முருகா" என்று கையெடுத்துக் கும்பிட்டதை என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். அன்று ராத்திரி தலையணை திரும்பி என் பக்கத்தில் வந்தது.

அப்புறம் மறுபடியும் விளக்கைப் படிப்படியாகக் குறைத்து, ஜூலை தொடக்கத்தில் அவன் திரும்பத் தூங்கினான். இந்தத் தடவை தொட்டி மேல் வெயில் விழாமல் ஜன்னல் திரையை மூடியது நான்தான்.

அந்த ஜூலை முழுவதும் வேடிக்கைதான். ஒரே வீட்டில் ஒரு ஜீவன் மூன்று மணிக்கொருமுறை பாலுக்கு அழுகிறது. இன்னொரு ஜீவன் எதுவும் வேண்டாம் என்று கிடக்கிறது. நடுச்சாமத்தில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும்போது தொட்டிக்கு முன்னால் நிற்பேன். உயிர் இருக்கிறதா என்றே தெரியாது. வெகுநேரம் பார்த்தால் விலா ஒருமுறை ஏறி இறங்கும். மாப்பிள்ளை ஒரு விஷயம் சொன்னார். இதே இன ஓணானின் தூக்கத்தை ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து மாக்ஸ் பிளாங்க் மூளை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆராய்ந்து, 2016-ல் சயின்ஸ் இதழில் வெளியிட்டிருக்கிறார்களாம். நாம் கனவு காணும்போது கண் இமைக்குள் உருளுமே, அதைப் போன்ற ஒரு கட்டம் இதன் இரவுத் தூக்கத்திலும் வருகிறதாம். அதைக் கேட்ட பேத்தி, "அப்ப பஜ்ஜி என்ன கனவு காண்பான் ஆச்சி?" என்றாள். "கரப்பான்" என்றேன்.

அப்படி நின்ற ஒரு ராத்திரியில்தான் அந்தப் பையன் நினைவுக்கு வந்தான்.

தொண்ணூறுகளில், நான்காம் வகுப்பு. பெயர் வேண்டாம். நன்றாகப் படிக்கிற பையன். அவனுடைய அப்பா திடீரென்று இறந்துவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்தவன், வாயே திறக்கவில்லை. சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டான். நான் விடவில்லை. தினமும் எழுப்பி வாசிக்கச் சொன்னேன். கரும்பலகைக்குக் கூப்பிட்டேன். "எத்தனை நாளைக்குடா இப்படியே இருப்பே" என்றேன். எல்லாம் நல்லெண்ணம்தான், பையன் தேறி வரட்டுமே என்றுதான். பொங்கல் விடுமுறைக்குப் பிறகு அவன் வரவில்லை. ஒருமுறை வீட்டுக்குப் போய்க் கேட்டேன். ஆடு மேய்க்கப் போயிருக்கிறான் என்றாள் அவன் அம்மா. மறுமுறை நான் போகவில்லை. வேலை இருந்தது.

ஓணான் தூக்கமும் பிள்ளையின் துக்கமும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஓணானுக்குக் குளிர்காலம் தானாக வருகிறது, தானாகப் போகிறது. அந்தப் பிள்ளைக்கு அப்படி இல்லை. அவன் குடும்ப நிலைமை வேறு. நான் வேறு மாதிரி நடந்திருந்தால் படித்திருப்பான் என்றும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று மட்டும் தெரிகிறது. நான் இரண்டு தப்பு செய்திருக்கிறேன். சும்மா விட வேண்டிய நேரத்தில் நோண்டினேன். போய்ப் பார்க்க வேண்டிய நேரத்தில் சும்மா இருந்துவிட்டேன்.

தூங்க விடுவது என்றால் மறந்துவிடுவது இல்லை. பேத்தி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சமையலறைத் தராசைத் துடைத்துவைத்து, பஜ்ஜியை மெதுவாகத் தூக்கி வைப்பாள். எண்ணைப் பார்ப்பாள், எழுதுவாள், திரும்பக் கொண்டுபோய்ப் படுக்க வைப்பாள். தண்ணீரை மாற்றுவாள். ஒரு நிமிட வேலை. மற்ற ஆறு நாளும் யாரும் தொடக்கூடாது. 400. 398. 397. அந்த நோட்டை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். என் வகுப்பிலும் அந்தப் பையனுக்கு அப்படி ஒரு சுவரோரமும், வாரம் ஒருமுறை "சாப்பிட்டியாடா" என்கிற ஒரு கேள்வியும் போதுமாக இருந்திருக்குமோ என்னவோ. இரண்டு வருட ஆசிரியர் பயிற்சியில் குழந்தை உளவியல் படித்து முதல் வகுப்பில் தேறியவள் நான்.

ஆகஸ்ட் கடைசியில் தெருவெல்லாம் வாட்டில் மரம் மஞ்சளாகப் பூத்தது. நம்மூர் வேலம்பூவேதான், சொந்தக்கார மரம். ஒருநாள் காலையில் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். தொட்டிக்குள் சரசரவென்று சத்தம். பஜ்ஜி கட்டை மேல் ஏறி உட்கார்ந்திருந்தான். மெலிந்திருந்தான். எடை 391. சிவப்பு வட்டத்துக்கு இன்னும் 22 கிராம் மிச்சம்.

பக்கத்திலேயே கரப்பான் டப்பா இருந்தது. நான் தொடவில்லை. பேத்தி எழுந்து வரும் வரைக்கும் காத்திருந்தேன்.

"ஏட்டி, பஜ்ஜி எழுந்துட்டான். இப்ப என்ன செய்யணும்?" என்றேன்.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து பார்த்தாள். "முதல்ல விளக்கு ஆச்சி. கொஞ்ச நேரம்தான். நாளைக்குக் கொஞ்சம் கூட்டலாம். அப்புறம் குளியல். சாப்பாடு மெதுவா" என்றாள். பெரிய டீச்சர் போல.

நாலு நாள் கழித்து முதல் கரப்பானை நீட்டும் வேலையை எனக்குக் கொடுத்தாள். கை கழுவிக்கொண்டு வந்து, கேட்டுக்கொண்டு, நீட்டினேன். அவன் எடுத்துக்கொண்டான். ஒன்றே ஒன்று. போதும் என்றாள், நிறுத்திக்கொண்டேன்.

அக்டோபரில் ஊருக்குத் திரும்பினேன். கிளம்பும் அன்று பேத்தி அவனைத் தூக்கி என் மடியில் விட்டாள். ஆறு மாதத்தில் முதல்முறை. இளஞ்சூடாக, கனமே இல்லாமல், நகங்கள் சேலையில் மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். அம்மா உயிரோடு இருந்தால் இதைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாளோ!

இதைப் படித்துவிட்டு யாரும் வேலி ஓணானைப் பிடித்து வளர்க்கக் கிளம்பிவிடாதீர்கள். அது வேலியிலேயே இருக்கட்டும். அங்கே இவர்கள் உரிமம் எடுத்து, மருத்துவரைக் கேட்டு, சூடு அளந்து வளர்க்கிறார்கள். இப்போது எங்கள் வீட்டு முருங்கை மரத்தில் ஒரு ஓணான் தினமும் காலையில் வெயில் காய வருகிறது. தலையை ஆட்டுகிறது. பக்கத்து வீட்டுப் பையன் கல்லை எடுத்தால் சத்தம் போடுகிறேன். "ஏம்லே, அது என் சம்பந்தி வீட்டு உறவுலே" என்று.

பேத்தியிடமிருந்து போன வாரம் போன். மறுபடி மே மாதம் வந்துவிட்டதே. "ஆச்சி, பஜ்ஜி சாப்பாட்டைக் குறைச்சிட்டான். எடை 418. பத்து சதவீதம் நானே போட்டுட்டேன்" என்றாள்.

"தூங்கட்டும்மா. ஞாயிற்றுக்கிழமை எடை மட்டும் எனக்கும் சொல்லு" என்றேன்.